செம்புத் தாதுவுக்கு விலை போடுவது எப்படி?

துறைமுகத்தில் இறங்கும் தாதுவுக்கு ஆய்வகம்தான் விலை சொல்கிறது. போராட்டக்காரர்கள் மீதான போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு 2018 மே மாதம் மூடப்பட்ட தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை, ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு எடுக்கும் திறன் கொண்டது. அதற்கான தாது கப்பலில்தான் வந்தது. அது கல் அல்ல. சுரங்கத்திலேயே அரைத்துக் கழிவு நீக்கிய கரும்பொடி. கான்சன்ட்ரேட் என்பார்கள்.

10,000 டன் சரக்கை வைத்துக் கணக்குப் போடுவோம். விலைகள் எல்லாம் டாலரில்.

முதலில் ஈரம். சாம்பிளை 105 டிகிரியில் உலர்த்தி எடை பாருங்கள். 8 சதவீதம் குறைந்தால் உலர் எடை 9,200 டன். தண்ணீருக்கு யாரும் பணம் தருவதில்லை. ஈரம் மிகுந்தால் வேறு ஆபத்தும் உண்டு: கப்பல் ஆடும்போது பொடி குழம்பாகி ஒருபக்கம் சரிந்து கப்பலையே கவிழ்த்துவிடும். அதனால் ஈர வரம்புச் சான்று பார்க்காமல் ஏற்றக் கூடாது.

சாம்பிள் எடுப்பதில்தான் உங்கள் முழுக் கவனமும் இருக்க வேண்டும். குவியலின் மேலிருந்து அள்ளியது சாம்பிளே அல்ல. சரக்கு இறங்க இறங்க, சீரான இடைவெளியில் எடுத்துக் கலந்து, பகுத்து, முத்திரையிட வேண்டும். விற்பவருக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று, நடுவருக்கு ஒன்று.

ஆய்வில் செம்பு 26 சதவீதம் என்று வந்தால், வழக்கமாக ஒரு சதவீதப் புள்ளியைக் கழித்து 25-க்குத்தான் பணம். ஆக 2,300 டன். லண்டன் உலோகச் சந்தையில் டன் 9,000 என்றால் மதிப்பு 2.07 கோடி. ஆய்வு முடிவில் 0.1 புள்ளி மாறினாலே 82,800 கூடும் அல்லது குறையும்.

இந்த மதிப்பிலிருந்து உருக்கும் கூலியும் சுத்திகரிப்புக் கூலியும் கழியும். 2024-இன் அளவுகோல் விலை: உருக்க உலர் டன்னுக்கு 80, சுத்திகரிக்க ஒரு பவுண்டு செம்புக்கு 8 சென்ட். நம் சரக்குக்குச் சுமார் 11.4 லட்சம் ஆகிறது. 2025-இல் அதுவே 21.25, 2.125 சென்ட் என்று சரிந்தது. கூலி 3 லட்சம்தான். தாது போதாமல் உருக்காலைகள் போட்டி போட்டதே காரணம்.

தங்கம், வெள்ளி இருந்தால் விலை கூடும். ஆர்சனிக் இருந்தால் அபராதம். 0.5 சதவீதத்தைத் தாண்டினால் சீனா இறக்குமதியே செய்வதில்லை.

இரு தரப்பு ஆய்வு முடிவுகளும் நெருங்கி வந்தால் சராசரி எடுப்பார்கள். விலகினால் நடுவர் ஆய்வகம் முடிவு சொல்லும். அந்த ஆய்வகத்தின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சரக்கு இறங்கிய பிறகு இருவரும் ஒரே பெயருக்குச் சம்மதிப்பது கடினம்.