லிச்சி கலந்தார்களா?

கேள்வி: பாரிஸில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது அல்சாஸ் வட்டாரத்து வெள்ளை ஒயின் ஒன்று கொடுத்தார்கள். கெவூர்ஸ்ட்ராமினர் என்று வாயில் நுழையாத பெயர். லிச்சியும் ரோஜாவும் சேர்ந்த வாசனை. எசென்ஸ் ஏதும் கலப்பார்களா? பிறகு அதே பெயரில் வேறு பாட்டில் வாங்கினோம். மணம் அப்படியே இருந்தது, இனிப்பு மட்டும் துளியும் இல்லை. ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: இரண்டும் அசல்தான். எசென்ஸ் கிடையாது, திராட்சையே அப்படி. சிஸ்-ரோஸ் ஆக்சைடு என்ற சேர்மம் ரோஜா எண்ணெயிலும் லிச்சியிலும் உண்டு. இந்தத் திராட்சையிலும் உண்டு. உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பெயரின் பின்பாதி, வட இத்தாலியின் தென் டிரோலில் உள்ள டிராமின் என்ற ஊரிலிருந்து வந்தது. முன்பாதிக்கு ஜெர்மனில் மசாலா என்று பொருள். அதற்காக மிளகையும் பட்டையையும் தேடாதீர்கள்; 'மணக்கும் டிராமினர்' என்று வைத்துக்கொள்ளலாம். பழத்தோல் இளஞ்சிவப்பு. சாற்றுக்கு நிறமில்லாததால் ஒயின் வெள்ளை, சற்றே பொன்னிறம்.

இனிப்புக்கு வருவோம். கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கும்போது நாக்கில் சர்க்கரையா படுகிறது? மணம் வேறு, இனிப்பு வேறு. இந்தத் திராட்சையைச் சீக்கிரம் பறித்தால் மணம் கூடியிருக்காது. காத்திருந்தால் மணம் சேரும்; கூடவே சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கிவிடும். வோஜ் மலையின் மழைமறைவில் இருப்பதால் அல்சாஸ்காரர்களால் நிதானமாகக் காத்திருக்க முடிகிறது. சர்க்கரை முழுவதையும் நொதிக்கவிட்டால் ஆல்கஹால் 14 சதவீதத்தைக்கூடத் தொடும். உங்கள் இரண்டாவது பாட்டில் அந்த வகை. நடுவில் நிறுத்தினால் முதல் பாட்டில். தாமத அறுவடை ஒயின்களுக்கு 1984 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

லேபிளைப் பாருங்கள். 2021 அறுவடையிலிருந்து அல்சாஸ் ஒயின்களில் இனிப்பின் அளவைக் குறிக்க வேண்டும். 'செக்' என்றால் இனிப்பில்லாதது, 'தெமி-செக்' லேசான இனிப்பு, 'மொவல்லே' நல்ல இனிப்பு, 'தூ' அதற்கும் மேல். இதைப் பல காலம் முன்பே செய்திருக்கலாம். திறந்து குடிக்கும்வரை தெரியாது என்ற நிலையால்தான் பலர் இந்தத் திராட்சையையே ஒதுக்கினார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் இதை நாற்றம் தூக்கும் மன்ஸ்டர் சீஸோடு குடிப்பார்கள். நம் வீட்டுக் காரக் குழம்புக்கு 'தெமி-செக்' எடுங்கள், நன்றாகக் குளிரவைத்து. ஆல்கஹால் ஏறிய 'செக்' மிளகாய் எரிச்சலைக் கூட்டிவிடும்.