பெயிண்டுக்கு அடியில் பார்!
(பழைய கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங்: நான் படித்த பாடம்)

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை



"மெக்கானிக்கல் படிக்கிற. ஒரு காருக்கு பெயிண்ட் அடிக்க நல்ல பட்டறை எதுன்னு உனக்குச் சொல்லத் தெரியலையேடா!" என்று அப்பா ஒருநாள் கேட்டார். அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆச்சு. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

எங்க ஊர் கொடைரோடு. ஸ்டேஷனுக்குத்தான் அந்தப் பெயர். பேரூராட்சியின் பெயர் அம்மையநாயக்கனூர். ரயிலில் கொடைக்கானல் போகிறவர்கள் இங்கே இறங்கி, வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர் போக வேண்டும். என் தாத்தா அந்த ஸ்டேஷன் வாசலில் டாக்சி ஓட்டியவர். வண்டி, 1972 மாடல் அம்பாசடர் மார்க் டூ. டாக்சி ஓட்டத்தை நிறுத்திய பிறகும் அதை விற்க மனசில்லாமல் சொந்த உபயோகத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டார். "பேத்தி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியிலதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், கல்யாணத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

அவர் ஆசைக்காக அப்பா காரைப் பெயிண்டுக்கு விட்டார். பட்டறையின் பெயர் வேண்டாம். ஒரே பார்வையில் "முப்பத்தஞ்சாயிரம், இருபது நாள்" என்றார்கள். சொன்ன நாளில் கொடுத்தார்கள். முகம் பார்க்கலாம் போல மின்னியது. தெருவே கூடி நின்று பார்த்தது.

அடுத்த ஐப்பசி மழை முடிந்ததும் கதவுகளின் அடியில் அப்பளம் போலக் கொப்புளம். "வெயிலுக்கு வந்திருக்கும்" என்று விட்டுவிட்டோம். ஒருநாள் மலையடிவாரத்தில் டயர் பஞ்சர். அப்பா கதவுக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கையை வெளியே எடுத்தார். அடுத்த நிமிஷம் 'சரக்'கென்று சத்தம்! ஜாக்கி தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. வண்டி அப்படியே தரையில் உட்கார்ந்தது. கை உள்ளே இருந்திருந்தால்..? நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பொத்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பார்த்தேன். தகடே இல்லை. கசக்கித் திணித்த செய்தித்தாள், அதன்மேல் கட்டைவிரல் கனத்துக்குப் பட்டி, அதன்மேல் பளபளக்கும் பெயிண்ட். அவ்வளவுதான்.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பார்கள். காருக்கு அது பொருந்தாது நண்பர்களே!

துரு எப்படி வருகிறது?

முதலாண்டு வேதியியலில் அரிமானம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் ஒரு சின்ன மின்கலம் உருவாகிறது. ஆனோடாக மாறும் இடத்தில் இரும்பு கரைகிறது. உப்போ அழுக்கோ கலந்த நீர் என்றால் வேகம் கூடும். உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் மேலே உள்ள பெயிண்டைத் தூக்கிவிடும். கொப்புளம் என்பது பெயிண்டில் வந்த நோய் அல்ல. அடியில் உள்ள நோயின் அறிகுறி.

பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினும் டால்க் பவுடரும் கலந்த பண்டம். மேடு பள்ளம் நிரவ அது நல்ல பொருள்தான். ஆனால் ஈரத்தை உறிஞ்சும். துருவின்மேல் பட்டி பார்த்தால், இரும்புக்கு ஈரத்துணி சுற்றி வைத்த கதைதான்.

அம்பாசடரில் தண்ணீர் தங்கும் இடங்கள் இவை: கதவின் அடிப்பகுதி (தண்ணீர் வடியும் துளை மண் அடைத்தால் போச்சு), கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, கால்மிதிக்கு அடியில் உள்ள தரை, கண்ணாடி ரப்பரின் அடி, மட்கார்டின் உள்மடிப்பு, டிக்கியின் தரை. எங்க ஊர் வண்டிகளுக்கு இன்னொரு வினையும் உண்டு. கீழே நல்ல வெயில். மேலே 2,100 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம். ஏறி இறங்கும்போது மூடிய தகடுகளின் உட்புறம் வேர்க்கும்.

எல்லாக் காரும் ஒன்றல்ல

அம்பாசடர், மோனோகாக் வகை. தனியாகச் சேசிஸ் கிடையாது; பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே உள்ள பெட்டித் தகடு அழகுக்கு வைத்ததல்ல, வண்டியைத் தாங்கும் உத்தரம் அதுதான். அதை வெட்டும்போது வண்டிக்கு முட்டுக் கொடுக்காவிட்டால் பாடி தொய்ந்துவிடும். பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாகப் பூட்டாது.

நம் சென்னையில் பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு ஜாதி. இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்து 1959-ல் இங்கிலாந்தில் வந்த கார் அது. இங்கே வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு. பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் கழற்றி எடுக்கலாம். ஆனால் பாடியைத் தாங்கச் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடிக்கும். இந்த வித்தியாசம் தெரியாத ஆளிடம் பழைய காரை விடக்கூடாது.

முறையான வேலை எப்படி?

முதலில் பழைய பெயிண்டைச் சுரண்டித் தகடு தெரியவேண்டும். துரு தின்ற பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் (சுமாராக 20 கேஜ்) புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். கேஸ் வெல்டிங் செய்தால் சூடு பரவித் தகடு நெளியும். சி.ஓ.டூ வெல்டிங்கில் சூடு குறைவு. அதிலும் ஒரே இழுப்பாக ஓட்டாமல் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு என்று வைக்க வேண்டும். பிறகு சுத்தியலும் டாலியும் கொண்டு தட்டித் தட்டி வடிவம் எடுக்க வேண்டும். ஷீட் மெட்டல் ஷாப்பில் ட்ரே செய்து கையைக் கிழித்துக்கொண்டோமே, அந்த வேலையின் பெரியண்ணன் இது!

தட்டியே சமமாக்கிய தகட்டுக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்படாது. அப்புறம் பிரைமர், வாட்டர் பேப்பர், கலர். பிரைமர் அடித்த வண்டியை மழையில் நிறுத்தக் கூடாது. சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே விடும்; பின்னால் கொப்புளமாக வெளியே வரும்.

பெயிண்டில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று என்.சி., அதாவது நைட்ரோ செல்லுலோஸ். 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 'டூகோ' என்று விற்றது இதைத்தான். அதற்கு முன்பு ஒரு காரின் பெயிண்ட் காய வாரக்கணக்கில் ஆகும். இன்றைக்கும் நம் பட்டறைகளில் 'டூகோ அடிக்கிறது' என்று சொல்வது அந்தப் பெயரால்தான். தின்னர் ஆவியாகிக் காயும். மெல்லிய பூச்சு பல அடித்துப் பாலிஷ் போட வேண்டும். பழைய காருக்கு அந்தக் காலத்து முகம் கிடைக்கும். ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளை பூக்கும், காரணம், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது.

இன்னொன்று பி.யு. ஹார்டனர் கலந்து ரசாயன மாற்றத்தால் இறுகுவது. வெயிலுக்கும் மழைக்கும் நன்றாகத் தாங்கும். காரில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத மூலையில் தின்னர் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள். கலர் துணியில் வந்தால் அது என்.சி.யாக இருக்கலாம், நன்றாக இறுகிய பி.யு. வராது.

ஒரு எச்சரிக்கை. பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அடிக்கிறவருக்கு ஆஸ்துமா வரவழைக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டினால் அது நிற்காது. வெளிக்காற்று தரும் முகமூடி வேண்டும். தன் ஆளின் நுரையீரலைப் பற்றிக் கவலைப்படாத பட்டறை, உங்கள் காரைப் பற்றியா கவலைப்படும்?

பட்டறையைத் தேர்ந்தெடுக்க ஏழு சோதனைகள்

1. மின்னும் காரைப் பார்த்து மயங்காதீர்கள். பிரித்துப் போட்டு, தகடு தெரிய நிற்கும் காரைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வந்த வழியே திரும்புங்கள்.

2. போன மாசம் முடித்த வேலையைக் கேட்காதீர்கள். மூன்று மழைக்காலம் தாண்டிய வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதன் சொந்தக்காரரிடம் பேசுங்கள்.

3. பார்த்தவுடன் 'மொத்தமா இவ்வளவு' என்று ரேட் சொன்னால் சந்தேகப்படுங்கள். உள்ளே எவ்வளவு துரு என்று திறக்காமல் யாருக்கும் தெரியாது.

4. கருவிகளைப் பாருங்கள். டாலிகள் தேய்ந்து பழகியிருக்கின்றனவா? கம்ப்ரசரில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் உண்டா? கலர் அடிக்கும் இடம், தகடு அரைக்கும் இடத்திலிருந்து தனியாக இருக்கிறதா?

5. எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்: எந்தப் பகுதியை வெட்டி மாற்றுவது, எதைத் தட்டிச் சரிசெய்வது, எந்த பெயிண்ட், எத்தனை பூச்சு. பெயிண்ட் டின் நம் கண்முன் திறக்கப்பட வேண்டும்.

6. பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். தகடு வேலை முடிந்ததும் ஒரு பங்கு, பிரைமர் முடிந்ததும் ஒரு பங்கு, கடைசியில் மீதி. ஒவ்வொரு கட்டத்திலும் நேரில் போய்ப் படம் எடுத்து வையுங்கள். பிரைமருக்கு முன்னால் பார்ப்பதே பார்வை. அதற்குப் பிறகு பார்ப்பது வேடிக்கை.

7. டெலிவரி எடுக்கும்போது ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தடவிப் பாருங்கள். தகட்டில் இழுக்கும், கனத்த பட்டியில் வழுக்கி விழும். பெயிண்டின் கனத்தை அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கார் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். மறுபடி அடித்தால் அதைவிடக் கூடும். ஆயிரத்தைத் தாண்டினால் அங்கே பட்டி குடியிருக்கிறது!

எங்கே தேடுவது?

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. கம்பெனி சர்வீஸ் கிடையாது. தகடு வேலை என்றதும் பலர் கரூரைச் சொல்வார்கள். பஸ் பாடி கட்டுவதில் கரூர் பெயர் பெற்ற ஊர்தான். ஆனால் பஸ் பாடி என்பது சட்டம் கட்டி அதன்மேல் தகடு அடிப்பது. காரின் வளைவைக் கையால் தட்டி எடுப்பது வேறு கலை. பழைய டாக்சி டிரைவர்களைக் கேளுங்கள். எந்தப் பட்டறை எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். கோயம்புத்தூரில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். நல்ல வேலை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று 'வி.ஏ.' எழுத்துள்ள நம்பரில் பதியலாம். ஆனால் சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் முடியாது. ஆகவே "புது டிசைனா மாத்தித் தர்றேன் சார்" என்கிறவரிடம் எச்சரிக்கை!

கடைசியில் நடந்தது

பழைய டாக்சி டிரைவர் ஒருவர் சொல்லித்தான் திண்டுக்கல்லில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். போர்டு கூட இல்லை. அறுபது வயசைத் தாண்டிய பாய் ஒருவர். ரேட் கேட்டதற்கு, "சார், தரையைத் திறக்காம நான் ரேட் சொன்னா அது பொய். ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார். போனோம். மேட்டைப் பிரித்து, பட்டியை உடைத்து, ஓட்டை இருக்கும் இடமெல்லாம் சாக்பீஸில் வட்டம் போட்டு வைத்திருந்தார். எண்ணினேன். பத்தொன்பது வட்டம்.

செலவு முதல் பட்டறையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஐந்து மாசம் ஆச்சு. நான் சனிக்கிழமைதோறும் போய் டாலி பிடித்தேன். "தம்பி, கண்ணால பார்க்காத, உள்ளங்கையால பாரு" என்று என் கையைப் பிடித்துத் தகட்டில் தடவ வைப்பார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரிந்தது! மூன்று வருஷம் டிராயிங் ஹாலில் கிடைக்காத பாடம் அது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டை யாராவது பாலிஷைப் பார்த்தா வாங்குகிறோம்? உள்ளே லீவர் எப்படி என்றுதானே கேட்கிறோம்? காருக்கும் அதே கேள்விதான்.

அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு தாத்தா வண்டியில்தான் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு மழை பார்த்துவிட்டது, கொப்புளம் இல்லை. மூன்றாவது மழைக்காகக் காத்திருக்கிறேன். என் சோதனையை நானே மீறலாமா?

ஒரே ஒரு வருத்தம். பாய்க்குப் பின்னால் அந்தச் சுத்தியலைப் பிடிக்க ஆள் இல்லை. அவர் மகன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். "படிச்ச புள்ளைங்க இதுக்கு வருமா தம்பி?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அரிமானம் தெரியும், வெல்டிங் தெரியும், கேஜ் தெரியும் என்று பரீட்சையில் எழுதுகிற நாம் போகாவிட்டால் வேறு யார் போவார்கள்?

லீவு நாளில் உங்கள் ஊர்ப் பட்டறைக்கு ஒருமுறை போங்கள் நண்பர்களே. கையில் ஒரு காந்தம் இருக்கட்டும்!