பத்து நிமிடத்தில் ஒரு கீபோர்டு இன்டர்வியூ

தீபாவளிக்குச் சட்டை எடுக்க தி. நகரில் நாலு மாடி ஏறி இறங்குபவர், வயர்லெஸ் கீபோர்டு-மவுஸ் செட்டை மட்டும் போனில் படம் பார்த்து இரண்டே நிமிடத்தில் ஆர்டர் போட்டுவிடுகிறார். அந்தச் சட்டை மாதத்துக்கு இரண்டு தடவை வெளியே வரும். கீபோர்டு மேல் தினமும் எட்டு மணி நேரம் விரல் இருக்கும். உங்கள் ஸ்பீடு, தப்பு, மீட்டிங்கில் உங்கள் மேல் விழும் அபிப்பிராயம் எல்லாம் அது வழியாகத்தான் போகிறது. ஆகவே ஆள் எடுப்பதுபோல அதை இன்டர்வியூ பண்ணித்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் லேப்டாப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போங்கள். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் சிந்தாதிரிப்பேட்டை. அங்கிருந்து நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். டெமோ பீஸ் கேளுங்கள். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று பதில் வந்தால் பக்கத்துக் கடை.

1. ஃபங்ஷன் கீயில் தொடங்குங்கள். மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்டிகிள்ஷிப் பண்ணும் பையனுக்கும், பாண்டி பஜாரில் ஒரு கடையின் கணக்கைப் பார்க்கும் பெண்ணுக்கும் கம்ப்யூட்டர் என்றால் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர்தான். அதில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசிப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். எக்செல்லில் செல்லுக்குள் போய்த் திருத்த எஃப்2. இப்போது வரும் பல குட்டி கீபோர்டுகளில் இந்த வரிசையைத் தட்டினால் சத்தம் கூடும், பாட்டு நிற்கும், டாலி சும்மா இருக்கும். எஃப்5 வேண்டுமென்றால் எஃப்என் கீயையும் சேர்த்து அமுக்க வேண்டும். நாளைக்கு 200 வவுச்சர் போடுகிறவருக்கு 200 தடவை இரண்டு விரல் வேலை. எஃப்என் அமுக்காமலே எஃப்5 வேலை செய்ய வைக்கும் எஃப்என் லாக் இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள், தட்டிப் பாருங்கள். கணக்கு வேலை என்றால் நம்பர் பேட் இல்லாத கீபோர்டைத் தொடவே வேண்டாம். கோடிங், கன்டென்ட் வேலை என்றால் நேர்மாறு: நம்பர் பேட் இல்லாவிட்டால் மவுஸ் கைக்குப் பக்கத்தில் வரும், தோள்பட்டை கொஞ்சம் தப்பிக்கும்.

2. கண்ணை மூடிக்கொண்டு தட்டுங்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்களுக்கு இங்கே ஒரு லாபம் உண்டு. நிமிடத்துக்கு 30, 45 வார்த்தை என்று இங்கிலீஷ் பழகிய விரல், சுமாரான கீபோர்டைப் பத்து வினாடியில் காட்டிக்கொடுத்துவிடும். எஃப், ஜே கீகளில் இருக்கும் சின்ன மேடு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஸ்பேஸ் பாரை நடுவில் அமுக்காமல் ஓரத்தில் அமுக்குங்கள். மட்டமான செட் அங்கேதான் சிக்கும். மூன்று நிமிடம் உங்கள் பழைய மெயில் ஒன்றைத் திரும்ப அடித்து, எத்தனை தப்பு என்று எண்ணுங்கள்.

3. சத்தம். அடையாறில் ஒரு பெட்ரூம் வீடு, ராத்திரி பத்து மணிக்கு அமெரிக்கா கால், பக்கத்தில் தூங்கும் குழந்தை. இப்படி வேலை பார்ப்பவருக்கு சைலன்ட் கீ கட்டாயம். இன்னொரு காரணமும் இருக்கிறது, வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள்: மியூட் பண்ண மறந்த நாளில், மேனேஜர் பேசும்போது நீங்கள் வேறு மெயில் அடிப்பது எல்லோருக்கும் கேட்கும்.

4. லேப்டாப்பில் செருகும் குட்டி ரிசீவரான டாங்கிள்தான் உயிர். வயர்லெஸ் செட்டில் “லேக் ஆகுது, எழுத்து விட்டுப்போகுது” என்று வரும் புகார்கள் பலவற்றுக்குக் குற்றவாளி கீபோர்டு இல்லை, டாங்கிளைச் செருகிய இடம். இந்த செட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. ப்ளூடூத்தும் அங்கேதான். மாடிக்கு மாடி இருக்கும் வைஃபை ரூட்டர்களும் அங்கேதான் கூட்டம் போடுகின்றன. போதாததற்கு, யூஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்பதை 2012-இல் இன்டெல் நிறுவனமே அறிக்கையாக வெளியிட்டது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் மவுஸ் நொண்டுவது இதனால்தான். நீல நிற போர்ட்டை விட்டுக் கறுப்பு போர்ட்டில் டாங்கிளைப் போடுங்கள், அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேஜைமேல் கொண்டுவாருங்கள். இதைத் தெரியாமல் நானே ஒரு நல்ல செட்டைத் தூக்கி மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் வீட்டில் அது இன்றைக்கும் ஜம்மென்று ஓடுகிறது.

டாங்கிள் தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். பல மலிவு செட்டுகளில் டாங்கிள் போனால் செட்டே போச்சு. பேங்க், ஃபைனான்ஸ் வேலை என்றால் இன்னொரு கேள்வி: என்க்ரிப்ஷன் உண்டா? மவுஸ்ஜாக் என்ற ஓட்டை 2016-இல் வெளியானது. பக்கத்தில் எங்கோ உட்கார்ந்தவர் டாங்கிள் வழியாக உங்கள் கம்ப்யூட்டரில் தானே டைப் அடிக்க முடியும் என்று அதில் தெரிந்தது. பெயர்பெற்ற கம்பெனிகளின் மாடல்களும் சிக்கின. பெட்டியில் 128 பிட் ஏஈஎஸ் என்க்ரிப்ஷன் என்று போட்டிருந்தால் நல்லது. ஆபீஸ் லேப்டாப்பில் செருகும் முன் ஐடி டீமிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

5. மவுஸுக்கு இரண்டு நிமிடம் போதும். 1,000 டிபிஐ ஆபீஸ் வேலைக்குத் தாராளம். 4,000, 8,000 எல்லாம் கேம் ஆடுகிறவர்கள் கவலை. இடது கைக்காரர் என்றால் இரண்டு பக்கமும் ஒரே வடிவில் இருப்பதை எடுங்கள். முக்கியமாக, உங்கள் மேஜையை நினைத்துப் பாருங்கள். சாமி படமும் விசிட்டிங் கார்டும் அடியில் வைத்து மேலே கண்ணாடி போட்ட பழைய ஆபீஸ் மேஜை என்றால் சாதாரண ஆப்டிகல் மவுஸ் தத்தளிக்கும். ஒரு மவுஸ் பேடையும் சேர்த்து வாங்குங்கள்.

6. தமிழ் அடிப்பவர்கள் கீகளில் தமிழ் எழுத்தைத் தேட வேண்டாம். தமிழ்99 முறையை 1999-இல் தமிழக அரசு தரப்படுத்தியது. விண்டோஸிலேயே அது இருக்கிறது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. “அம்மா” என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, புள்ளி தானாக விழும். உயிரும் மெய்யும் இப்படிப் பிரிந்திருப்பதால் இரண்டு கையும் மாறி மாறி உழைக்கும். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்த கீபோர்டு தமிழில் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். கடையில் ஒரு பத்தி தமிழும் அடித்துப் பாருங்கள்.

4-ஆம் எண் கீயில் ₹ இருக்கிறதா என்றும் பார்க்கலாம். 2010-இல் மத்திய அரசு ஏற்ற அந்தக் குறியை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். அச்சில் இருந்தால் மட்டும் அது ஸ்க்ரீனில் வராது. கீபோர்டு செட்டிங்கில் இங்கிலீஷ் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, வலது ஆல்ட்டுடன் 4-ஐ அமுக்க வேண்டும். கொட்டேஷனில் “ரூ.” என்று அடிக்கும் போட்டியாளருக்கு முன்னால் சின்ன விஷயம்தான், ஆனாலும் கண்ணில் படும்.

7. பேட்டரி. பெட்டியில் போட்டிருக்கும் மாதக் கணக்கு லேசாக வேலை செய்பவருக்கானது. மவுஸ்தான் முதலில் சாகும், அதுவும் பிரசன்டேஷன் நடுவில். டிராயரில் ஒரு ஜோடி செல் எப்போதும் இருக்கட்டும். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் குடியிருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங் பச்சை பூத்துவிடும். ஊருக்குப் போகும்போது செல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

காசு கொடுக்கும் முன் கீபோர்டைத் திருப்பிப் பாருங்கள். எலக்ட்ரானிக் பொருட்களுக்கு 2012-இல் மத்திய அரசு கொண்டுவந்த கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலிலேயே வயர்லெஸ் கீபோர்டு இருக்கிறது. அடியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் குறியும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் தயாரித்தவர் பெயர் வரும். வராத சரக்கு எத்தனை சீப் ஆனாலும் வேண்டாம்.

ஒர்க் ஃப்ரம் ஹோம் செலவுக்கு உங்கள் கம்பெனி பணம் தருமா என்று எச்.ஆரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தருமென்றால் பில்லில் கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி நம்பரும் விழ வேண்டும். மாடல் நம்பரும் தேதியும் தெளிவாக இருக்கட்டும். வாரண்டி முடியும் வரை பெட்டி பரணில் கிடக்கட்டும், பழைய பேப்பர்காரர் கண்ணில் படாமல்.