கம்பத்தின் மீது ஓர் உயிர்

மழைக்கால இரவில் மின்சாரம் நின்றுவிட்டால், "எப்போது வரும்?" என்பதே நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி. அந்நேரத்தில் நனைந்த கம்பம் ஒன்றின் மீது மின்கம்பியாளர் ஒருவர் நின்றுகொண்டிருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மக்கள் அவரை 'லைன்மேன்' என்று அழைப்பர்.

துணைமின் நிலையத்திலிருந்து நம் தெருவரை மின்சாரம் பெரும்பாலும் 11,000 வோல்ட் அழுத்தத்தில் வருகிறது. தெருவோர மின்மாற்றி அதனைக் குறைத்து, வீடுகளுக்கு ஏற்ற 230 வோல்ட்டாகத் தருகிறது. இப்பாதையில் பீங்கான் இன்சுலேட்டர் உடையலாம், மரக்கிளை சாயலாம், கம்பி அறுந்து விழலாம். இவற்றைச் சீர்செய்பவர் மின்கம்பியாளரே.

பழுதைக் கண்டவுடன் அவர் கம்பத்தில் ஏறிவிடுவதில்லை. முதலில் அப்பாதையின் மின்னோட்டத்தை நிறுத்தச் செய்து, வேலைக்கான அனுமதியைப் பெறுகிறார். கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதிக்கிறார். வேலை செய்யும் இடத்தின் இருபுறமும் கம்பிகளை நிலத்தோடு இணைக்கிறார். தலைக்கவசம், கையுறை, இடுப்புவார் ஆகியவற்றை அணிந்த பின்னரே மேலே ஏறுகிறார். வேலை முடிந்து, அனைவரும் இறங்கி, நிலத்தொடர்பு நீக்கப்பட்ட பிறகே மின்சாரம் விடப்படும். இப்படிகளுள் ஒன்றைக் குறைத்தால் நேரம் மிஞ்சும்; உயிர் மிஞ்சாமல் போகலாம்.

பெரும்புயல் வீசும் நாள்களில் இவர்தம் பணியின் அருமை நன்கு விளங்கும். 2019 மே 3 அன்று ஃபானி புயல் ஒடிசாவின் பூரி அருகே கரையைக் கடந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. அண்டை மாநிலங்களின் மின்பணியாளர்களும் அங்குச் சென்று, உள்ளூர்ப் பணியாளரோடு தோள் சேர்ந்து, கோடை வெயிலில் புதிய கம்பங்களை நட்டனர். மொழி வேறாயினும் தொழில் அவர்களை ஒன்றாக்கியது.

அத்தகைய நாள்களில் நம் வீட்டிலிருந்தே அவர்களுக்கு இடர் நேரலாம். வீட்டு ஜெனரேட்டரை உரிய மாற்றுச் சுவிட்சு இன்றி இணைத்தால், அதன் மின்சாரம் தெருக்கம்பிக்குச் செல்லும். 230 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் அதே மின்மாற்றி, எதிர்த்திசையில் அதனை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுபவரின் நிலை என்னவாகும்?

நம் நாட்டில் மார்ச் 4 மின்கம்பியாளர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று வாழ்த்துவது நன்று. ஆண்டு முழுவதும் அவர் உயிரைக் காப்பது அதனினும் நன்று. ஜெனரேட்டரை முறைப்படி இணைப்போம். அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே செல்லாமல் 1912 என்னும் எண்ணுக்குத் தெரிவிப்போம். மின்சாரம் வரும்வரை பொறுத்திருப்போம். நம் பொறுமையும் அவருக்கு ஒரு பாதுகாப்புக் கவசமே.

சொற்பொருள்
இடர் – துன்பம், ஆபத்து
அருமை – சிறப்பு
அண்டை – பக்கத்து
கவசம் – காப்புறை

வினாக்கள்
1. மின்கம்பியாளர் கம்பத்தில் ஏறுமுன் செய்யும் பணிகளை வரிசைப்படுத்தி எழுதுக.
2. வீட்டு ஜெனரேட்டர் மின்கம்பியாளரின் உயிருக்கு எவ்வாறு ஆபத்தாகலாம்?
3. 'நேரம் மிஞ்சும்; உயிர் மிஞ்சாமல் போகலாம்' – இத்தொடரின் கருத்தை விளக்குக.
4. மின்தடை நேரத்தில் பொறுமை இழந்த நண்பனுக்கும் உமக்கும் இடையே நிகழும் உரையாடலை எட்டு வரிகளில் எழுதுக.