வீட்டு வளவில் சுவர்க்கப் பறவைப் பூச்செடி

பெரும்போக வேளாண்மை அறுவடையாகி, சூடடித்து, நெல் வீடு வந்து சேர்ந்தபின் கிடைக்கும் சில கிழமைகள் வீட்டு வளவைக் கவனிப்பதற்கு ஏற்றவை. மாரி மழை ஓய்ந்துவிட்டது. மண்ணில் ஈரம் இன்னும் எஞ்சியிருக்கின்றது. கச்சான் காற்று வீசத் தொடங்கவில்லை. இவ்விடைக்காலத்தில் நடப்படும் பூங்கன்றுகள் விரைவில் வேர்பிடிக்கும்.

நெல்லுக்கும் மரக்கறிக்கும் அறிவுரை கூறும் பிரசுரத்தில் பூவுக்கு இடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வீட்டு முற்றத்தில் இச்செடியை வைக்க விரும்புவோர் பலர். கன்றுக்குக் கொடுக்கும் பணமும், அது பூக்கும்வரை காத்திருக்கும் ஆண்டுகளும் வீண்போகலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

இச்செடி தென்னாபிரிக்காவின் கிழக்குக் கரைப் பகுதிக்கு உரியது. 1773 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அந்நாட்டு அரசி சார்லட் பிறந்த குடும்பத்தின் பெயரைக் கொண்டு இதற்கு ஸ்டிரெலிட்சியா எனத் தாவரவியற் பெயர் சூட்டப்பட்டது. வாழைக்கு நெருங்கிய உறவுடையது. நம் நாட்டுப் பூங்காக்களில் அழகுக்கு நிற்கும் விசிறி வாழையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மூன்று முதல் ஐந்து அடிவரை உயரும். தோணியின் முனைபோன்ற மடலொன்று தண்டின் நுனியிற் கிடையாக நீண்டிருக்க, அதனுள்ளிருந்து செம்மஞ்சள் இதழ்களும் அம்புபோன்ற நீல நாக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும். கொண்டையுடைய பறவை ஒன்று தலை திருப்பிப் பார்ப்பதுபோல் இருப்பதனால் இப்பெயர் வந்தது.

வாங்குமுன் அறிய வேண்டியது

இதே பெயரைச் சொல்லி வேறு செடி விற்கப்படுவது உண்டு. பெரும்பாலும் அது ஹெலிகோனியாவாக இருக்கும். ஹெலிகோனியாவின் இலை மெல்லியது. வாழையிலைபோற் காற்றிற் கிழியும். பூமடல்கள் சிவப்பாகவோ மஞ்சளாகவோ அடுக்கடுக்காகத் தோன்றும், சில வகைகளிற் குலையாகக் கீழே தொங்கும். உண்மையான சுவர்க்கப் பறவைச் செடியின் இலையோ தோல்போலத் தடித்தது, சாம்பல் கலந்த பச்சை நிறமுடையது, நீண்ட விறைப்பான காம்பின்மேல் இரு வரிசையாக விசிறிபோல் விரிந்து நிற்பது. இலையை இரு விரலாற் பிடித்துப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

ஹெலிகோனியா கெட்ட செடியன்று. தென்னை நிழலும் ஈரமும் உள்ள வளவில் அதுவே நன்றாக வளரும். பூப்பதற்கும் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை. நிழல் மிகுந்த வளவுடையோர் அதனையே நடுவது நன்று என்பது எமது கருத்து. ஆயினும் ஒன்றின் விலையைக் கொடுத்து மற்றொன்றை வாங்குதல் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமற் கூறல் வேண்டும். சுவர்க்கப் பறவைச் செடி மிதமான குளிர்ச்சியை விரும்புவது. பண்டாரவளை, நுவரெலியா போன்ற மலைநாட்டு ஊர்களின் குளிர்ச்சி எம் கரையோரத்தில் இல்லை. கடும் வெப்பக் காலத்தில் உருவாகும் அரும்புகளிற் சில வெளிவராமல் இலைக்காம்பின் அடியிலேயே கருகிவிடும். ஆதலின், மிளகாய்ப் பாத்தியையோ கத்தரிப் பாத்தியையோ அழித்து இதனை வருமானத்துக்காகப் பயிரிட எண்ணுவோர் அவ்வெண்ணத்தைக் கைவிடுவதே நலம். முற்றத்தில் இரண்டு மூன்று செடிகள் போதும்.

இடமும் நடுகையும்

காலை வெயில் நான்கு ஐந்து மணி நேரமாவது படும் இடத்தைத் தெரிவு செய்க. பிற்பகல் வெயிலையும் கச்சானையும் மறைக்க மேற்குப் பக்கத்தில் வீட்டுச் சுவரோ வேலியோ இருப்பது சிறந்தது. முழு நிழலில் இலை மட்டுமே வளரும், பூ வராது.

இச்செடியை எம் பகுதியில் அழிப்பது வெயிலினும் மாரி வெள்ளமே எனலாம். இதன் வேர்கள் விரல்போற் பருத்து, நீரைச் சேமித்து வைப்பவை. இரண்டு மூன்று நாள் நீர் தேங்கினாலே அழுகத் தொடங்கும். வயற்பக்கமாக உள்ள களிமண் வளவுகளில் ஒரு முழ உயரமாவது மண்ணை உயர்த்தி மேடையமைத்து அதன்மேல் நடுதல் வேண்டும். இவ்வேலையை ஒக்டோபர் மழைக்குமுன் முடித்திராதவர்கள் அவ்வாண்டு நடாதிருப்பதே மேல். கடற்பக்க மணல் வளவுகளில் இக்கவலை குறைவு. அங்கே நீரும் பசளையும் மண்ணில் நில்லாமையே குறை. இரண்டு அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி தோண்டி, நன்கு உக்கிய மாட்டெரு, கூட்டெரு, வயல் மேல்மண், சிறிது கரித்த உமி ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. பச்சைச் சாணத்தை ஒருபோதும் இடலாகாது. அதன் சூடு வேரைக் கெடுக்கும்.

குட்டி பிரித்து நடுவதே எளிய வழி. முதிர்ந்த செடிக்கூட்டத்தைச் சுற்றி மண்ணை அகழ்ந்து, வேருடன் நான்கு ஐந்து இலைகள் கொண்ட குட்டியைக் கூரிய கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். வேர்கள் எளிதில் முறிவன; அலவாங்கால் நெம்புதல் தகாது. வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி, ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு நடுக. முன்பிருந்த ஆழத்துக்கு மேல் புதைத்தல் கூடாது. செடிக்குச் செடி நான்கு அடி விடுக. இவ்வாறு நட்ட குட்டி பூப்பதற்கு இரண்டு ஆண்டளவு செல்லும்.

விதையால் வளர்ப்போருக்குப் பொறுமை வேண்டும். விதை கரியது, செம்மஞ்சட் குடுமியுடையது. குடுமியை நீக்கி, ஓட்டைச் சிறிது அராவி, இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதைக்க வேண்டும். முளைக்க ஒரு மாதம் முதற் பல மாதங்கள் வரை ஆகும். பூக்க நான்கு ஐந்து ஆண்டுகளும் செல்லலாம். பாடசாலைக்குச் செல்லத் தொடங்கிய பிள்ளை விதைத்தால், ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும் காலத்தில் பூவைக் காணும்.

நட்ட இடத்திலிருந்து அடிக்கடி பெயர்த்தல் பெருந் தவறு. செடிகள் நெருங்கிக் கூட்டமாக நிற்கும்போதே பூ மிகுதியாகும்.

நீரும் பசளையும்

மணல் நிலத்தில் கோடை காலத்தில் கிழமைக்கு இரண்டு மூன்று முறையும், களிமண்ணில் ஒரு முறையும் நீர் இறைத்தாற் போதும். கிணற்று நீரின் சுவையை அறிந்துகொள்க. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குட் புகுந்தபோது இக்கரையோரக் கிணறுகள் உவர்த்துப் போனதை யாவரும் அறிவர். அத்தகைய பேரிடர் இல்லாத ஆண்டிலும், கோடையின் கடைசியிற் கடலோரக் கிணறுகள் சிறிது உவர்ப்பதுண்டு. மிளகாயும் பயற்றையும் கருகாமல் வளரும் நீராயின் இதற்கும் ஆகும். இலை நுனி பழுப்பாகிக் காய்ந்துவரின் நீரை மாற்றுக.

இலைகளைப் பற்றி ஓர் உண்மை கூறல் வேண்டும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு பூந்தண்டு தோன்றும் இயல்பு இச்செடிக்கு உண்டு. எனவே பச்சை இலையை அறுப்பவர் வரவிருக்கும் பூவையும் வலுக்குன்றச் செய்கின்றார். காய்ந்த இலையை மட்டும் அடியோடு வெட்டுக. இலை கண்டதும் ஆசைகொள்ளும் ஊராடுகளுக்கும் வேலி அவசியம்.

வயலுக்கு வாங்கிய யூரியா மிஞ்சியிருந்தால் அதனைப் பூச்செடிக்கு அள்ளி இடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. இலை கறுத்துச் செழிக்கும். பூவைக் காண முடியாது. ஆண்டுக்கு இருமுறை, மாரிக்குப் பின் ஒருமுறையும் மாரிக்கு முன் ஒருமுறையுமாக, ஒரு வாளி உக்கிய எருவை அடியிலிருந்து ஓரடி தள்ளி இட்டு மண்ணால் மூடினாற் போதுமானது. கோடையில் வைக்கோலோ தென்னந்தும்போ கொண்டு மூடாக்கு இடுக; ஆயின் அது தண்டைத் தொட்டுக்கொண்டிருத்தல் ஆகாது.

நோய் பீடைகள்

இலைக்காம்பின் இடுக்குகளில் வெண்மூட்டுப்பூச்சியும் செதிற்பூச்சியும் ஒட்டிக்கொள்ளும். எறும்பு ஏறுவதே இதன் முதல் அடையாளம். சவர்க்கார நீரில் நனைத்த துணியாற் காம்புகளைத் துடைத்தல் போதும். நெல்லுக்கு வாங்கிய பூச்சிநாசினியை முற்றத்துச் செடிக்குத் தெளித்தல் கூடாது. கிணறும் பிள்ளைகளும் பக்கத்திலேயே உள்ளனர் என்பதை மறவற்க. விதையும் காயும் வாந்தியையும் குமட்டலையும் உண்டாக்கக்கூடியவை. சிறுவர் வாயிலிடாமற் பார்த்துக்கொள்க.

மாரியில் இலைகள் மஞ்சளாகி அடி இளகினால் வேர் அழுகுகின்றது என்று கொள்க. தாமதியாது கிளப்பி, அழுகிய வேரை வெட்டி எறிந்து, உயர்ந்த இடத்தில் மணல் கலந்து நடின் சில பிழைக்கும். அருகிலுள்ள செடிகளும் வாடத் தொடங்கின், அழுகிய வேர்த்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காண்க.

பூவைச் சாடியில் வைக்க விரும்பினால், மடலிலிருந்து முதலாம் பூ எழும்பிய அதிகாலையில் தண்டை அடியோடு வெட்டுக. ஒரு கிழமைக்கு மேல் வாடாதிருக்கும். முதற் பூ வாடியபின், மடலைச் சிறிது நனைத்து, உள்ளே மடங்கியிருக்கும் அடுத்த பூவை விரலால் மெல்ல மேலே தூக்கிவிடலாம்.