கோணற் பழத்தின் காரணம்

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையில் காந்தளூர், வட்டவடை என்னும் மலையூர்கள் உள்ளன. ஏறத்தாழ 1,500 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த குளிர்நிலம் அது. தமிழ் பேசும் குடியானவர் அங்குப் படிப்படியான சிறு வயல்களிற் பூண்டும் காய்கறியும் ஸ்ட்ராபெரியும் பயிரிடுகின்றனர். பின்பனி கழிந்து இளவேனில் தொடங்கும் நாட்களில் ஒரே ஸ்ட்ராபெரிச் செடியில் வெண்பூவும் பச்சைக்காயும் செம்பழமும் ஒருங்கே காணலாம்.

பறித்த கூடையில் சில பழங்கள் ஒருபுறம் பருத்து, மறுபுறம் சூம்பிக் கோணியிருக்கும். சந்தையில் இவற்றுக்கு விலையில்லை. சிறு தோட்டக்காரனுக்கு இது பெருநட்டம். இதனைக் கண்ணேறு என்போரும் காலக்கோளாறு என்போரும் நம்மிடையே உளர். காரணமின்றிக் காரியமில்லை எனப் பயிலும் நாம் இதனைச் சற்றே ஆராய்வோமாக.

நாம் பழமென உண்ணும் சிவந்த சதை, உண்மையிற் பழமன்று. பூவின் அடித்தளம் பருத்தது. அதன்மேல் விதைபோல் ஒட்டியுள்ள புள்ளிகளே பழங்கள். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே மகரந்தம் பெற்றாக வேண்டும். 1950இல் நிட்ச் என்னும் ஆய்வாளர் இளங்காயினின்று இப்புள்ளிகளை அகற்றினார், சதை வளரவில்லை. சிலவற்றை மட்டும் விட்டுவைத்தார். அவற்றை அடுத்த சதை மட்டுமே பருத்தது. புள்ளிகளுக்கு ஈடாக வளர்ச்சிப் பொருளைத் தடவியபோதோ, அவையின்றியே சதை வளர்ந்தது!

ஆகவே, மகரந்தம் எட்டாத பக்கமே பெரும்பாலும் சூம்புகிறது. பூவைக் கருக்கும் உறைபனியும், சாறுறிஞ்சும் பூச்சியும், மண்ணிற் போரான் குறைவும் அவ்வாறே செய்யக்கூடும். பூ மலர்ந்து பழமாக ஏறக்குறைய ஒரு திங்கள் ஆகுமாதலின், இன்று கண்ட கோணலுக்கு இன்றைய வானிலையைப் பழிப்பது வீண். சென்ற திங்கள் தோட்டத்தில் நிகழ்ந்ததை நினைவுகூர வேண்டும். பூத்திருக்கையிற் காலை வேளையிலேயே பூச்சிமருந்து தெளித்தோமாயின், தேனீயை நாமே கொன்றவராவோம். மருந்து இன்றியமையாததாயின், பூவில்லாத காலத்தை நாடுக. அதுவும் இயலாதாயின், தேனீக்கள் கூடடைந்த பின்னர் அந்தியிலே தெளிக்க.

காந்தளூரில் ஆப்பிள், பிளம்ஸ் மரங்களும் உண்டு. வீட்டுப்புறத்திற் தனித்து நிற்கும் ஆப்பிள் மரம் நிறையப் பூத்தும் காய்க்காவிடின், மலடென வைது வெட்ட முனைவோர் உளர். பெரும்பாலான ஆப்பிள் வகைகள் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை. அதே காலத்திற் பூக்கும் வேறு வகைக் கன்றொன்றை அருகில் நட்டு, அது பூக்கும்வரை சில ஆண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும்.