நமுனுகுல மலையடியிற் கண்ட தெய்வங்கள்

பழந்தலங்களைக் காணும் விருப்பாற் பதுளைக்குச் சென்ற நாம், முதியங்கண விகாரையையும் நகரிலுள்ள கதிர்காமத் தேவாலயத்தையும் முதலிற் கண்டோம். முருகனைச் சிங்கள மக்கள் தம் முறையில் வழிபடுவது நெஞ்சை நெகிழ்வித்தது. இவற்றின் பெருமையை நூல்கள் கூறும். நூல்களிற் பெரிதும் இடம்பெறாத கோயில்களைக் கண்டது, பசறை வழியாக நமுனுகுலவுக்கு ஏறிய பின்னரேயாம்.

ஒன்பது சிகரங்கள் எனப் பொருள்படும் சிங்களப் பெயருடைய அம்மலை 6,600 அடிக்கு மேல் உயர்ந்தது. சரிவெங்கும் தேயிலை. லயங்களுக்கு மேலே, மரத்தடியில், ஒரு நட்ட கல்லும் சூலமும் நின்றன. எக்காலத்துக் கோயில் என வினவினோம். "எங்க ஆளுக வந்தப்பவே வந்த முனியாண்டிங்க, ஐயா" என்றார் ஒரு முதியவர்.

அவ்விடையில் வரலாறு உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கால்நடையாய் வந்தோர் பலர். முன்னைய கோயிலிற் பிடிமண் எடுத்துப் புதிய இடத்திற் சாமியை நாட்டுவது அவ்வூர்களின் பழைய வழக்கம். 1869 இற் கண்ட இலைநோயாற் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, தெய்வங்கள் நிலைத்தன.

நிலைத்ததோடு பெருகவுஞ் செய்தன. கொழுந்தை அரைக்கும் யந்திரத்தைக் காப்பவர் ரோதை முனி. ரோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. செடிகளைக் கத்தியால் வெட்டிக் கவ்வாத்துச் செய்யத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் படையல் உண்டு. தாய்நாட்டில் இல்லாத இத்தெய்வங்களைத் தொழிலே பெற்றெடுத்தது. நம்மிற் சிலர் இவற்றைச் சிறுதெய்வம் என்று ஒதுக்குவர். கை நசுங்கும் யந்திரத்தின் முன் நின்றறியாதார் கூற்று அது.

1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் 525,000 பேர் இந்தியாவுக்குச் செல்லவேண்டும் என முடிவாயிற்று. முதியவரின் தமையனார் குடும்பமும் அவ்வாறு சென்றதாம். "அண்ணன் போறப்ப இந்தக் கல்லுல தலைய வச்சு அழுதாரு. சாமிக்குப் பாஸ்போட்டு ஏதுங்க?" என்றார்.

இக்காலத்திற் பல தோட்டங்களிற் சுதைக் கோபுரத்துடன் ஆகமக் கோயில்கள் எழுகின்றன. வேண்டியவையே. ஆயினும் பழைய கல் மதிற்புறத்தே போய்விடுவதும் உண்டு. அக்கல்லின் பெயரையும் நாட்டியவர் ஊரையும் எழுதிவைத்தார் இலர்; சொல்லவல்ல முதியோரும் குறைந்துவருகின்றனர்.

திரும்பும் வழியில் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையைக் காட்டினார். யந்திரங்கள் அகன்று நெடுநாளாயிற்று. சுவரோரம் ரோதை முனிக்கு எண்ணெய் வார்த்த அகல் இருந்தது. திரி புதியது.